இடக்கைக்கு வேலோரன்ட், வலக்கைக்குத் தமிழ்: எந்தச் சின்ன கீபோர்டு வாங்கலாம்?

கேள்வி: வேளச்சேரியில் நண்பர்கள் இருவரோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். பகலில் புரோகிராமிங் வேலை, இரவில் வேலோரன்ட் என்ற துப்பாக்கிச் சுடும் ஆட்டம். அது போக வாரத்துக்கு இரண்டு கட்டுரைகளாவது தமிழில் மொழிபெயர்த்துத் தருகிறேன், தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்வேன். என் மேசை 75 சென்டிமீட்டர் அகலம்தான். பெரிய கீபோர்டை வைத்தால் மவுசுக்கு இடமில்லை. 5,000 ரூபாய்க்குள் சின்னதாக ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு, அதாவது ஒவ்வொரு கீக்கும் தனி சுவிட்ச் உள்ளது, வேண்டும். முழுக் கீபோர்டைச் சுருக்கிய ‘60 சதவீத’ அளவே போதும் என்கிறான் ஒரு நண்பன். ப்ளூ சுவிட்ச்தான் கெத்து என்கிறான் இன்னொருவன். மேக்னெடிக் என்று வேறு ஒன்று வந்திருக்கிறதாம். எதை வாங்கட்டும்?

பதில்: முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 75 சதவீத அளவு, தடங்கலின்றி இறங்கும் லேசான லீனியர் சுவிட்ச், சுவிட்சைக் கழற்றி மாட்டும் ஹாட்-ஸ்வாப் வசதி. இந்த மூன்றும் இருக்கும் கீபோர்டு உங்கள் பட்ஜெட்டுக்குள்ளேயே கிடைக்கும். உங்கள் நண்பர்கள் சொன்னது பொதுவாகத் தப்பில்லை. ஆனால் அவர்கள் தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் இல்லை போலிருக்கிறது.

கீபோர்டைச் சின்னதாக்குவது என்றால் கத்தி விழுவது எப்போதும் வலப்பக்கத்தில்தான். முதலில் எண் பகுதி போகும், அடுத்து ஹோம், எண்ட் கூட்டம், கடைசியில் ஆரோ கீகள். இடப்பக்கத்தை யாரும் தொடுவதில்லை. வேலோரன்டில் உங்களுக்கு வேண்டியதெல்லாம் அந்த இடப்பக்கத்தில்தான் இருக்கிறது: நடக்க டபிள்யூ-ஏ-எஸ்-டி, பதுங்க கன்ட்ரோல், ஓசையில்லாமல் நடக்க ஷிஃப்ட், நீங்கள் ஆடும் பாத்திரமான ஏஜென்டின் திறன்களுக்கு சி, கியூ, இ, எக்ஸ். அதனால் கேம் மட்டும் ஆடுகிறவருக்கு 60 சதவீதக் கீபோர்டில் ஒரு குறையும் தெரியாது. தமிழ்99-இல் பாரம் முழுக்க வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்வரிசை பெரும்பாலும் வலக்கைக்கு. வலக்கைச் சுண்டுவிரலுக்கு மட்டும் எத்தனை எழுத்து என்று எண்ணிப் பாருங்கள்: ண, ச, ஞ, ந, ய, ழ. ஆறு. இதற்கு மேல் என்டர், பேக்ஸ்பேஸ், வல ஷிஃப்ட் எல்லாமும் அதே விரலின் தலையில்தான். ஆங்கிலம் தட்டுகிறவரின் வலக்கைச் சுண்டுவிரலுக்கு எழுத்து என்று இருப்பது பி ஒன்றுதான், மற்றதெல்லாம் நிறுத்தக்குறிகள்.

ஆகவே உங்கள் கேள்வியை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: வலப்பக்கத்தில் எதுவரை வெட்டலாம்?

ஒரு ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்துக் கீயின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19.05 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட எல்லா கம்பெனிக்கும் இதுதான் அளவு. 104 கீ உள்ள முழுக் கீபோர்டில் கீகள் பிடிக்கும் அகலம் சுமார் 43 சென்டிமீட்டர். எண் பகுதி இல்லாத 87 கீ மாடல் 35. 84 கீ அளவில் வரும் 75 சதவீதம் 30.5. 68 கீ அளவில் வரும் 65 சதவீதமும் அதே 30.5. 61 கீ கொண்ட 60 சதவீதம் 28.6. எல்லாவற்றுக்கும் சட்டத்தின் ஓரத்துக்காக ஒரு சென்டிமீட்டர் சேர்த்துக்கொள்ளலாம்.

முழுக் கீபோர்டிலிருந்து 75-க்கு இறங்கினால் மவுசுக்கு 12 சென்டிமீட்டர் கிடைக்கிறது. வேலோரன்டில் மவுசின் சென்சிடிவிட்டியைக் குறைத்து வைத்து, கையை அகலமாக வீசி ஆடுகிறவருக்கு அது பெரிய மைதானம். 75-லிருந்து 60-க்கு இறங்கினால் கூடுதலாகக் கிடைப்பது 19 மில்லிமீட்டர், அதாவது ஒரே ஒரு கீ அகலம். அதற்காக நீங்கள் தாரை வார்ப்பது ஆரோ கீகளையும் எஃப்1 முதல் எஃப்12 வரையுள்ள மொத்த வரிசையையும். மொழிபெயர்ப்பைத் திருத்தும்போது வரிக்கு நாலு தடவை ஆரோவைத் தொடுவீர்கள். புரோகிராம் எழுதும் விஎஸ் கோட் மென்பொருளில் டிபக் செய்ய (பிழை தேட) எஃப்5, பெயர் மாற்ற எஃப்2, வரையறைக்குப் போக எஃப்12. இவை ஒவ்வொன்றுக்கும் ‘எஃப்என்’ என்ற ஃபங்ஷன் கீயோடு கோத்துப் பிடிப்பதென்றால் ஒரு வாரத்தில் கீபோர்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவீர்கள். 65 சதவீதத்தில் ஆரோ உண்டு, எஃப் வரிசை கிடையாது. அகலம் 75-ஐப் போலவேதான், ஆழத்தில் ஒரு வரிசை மிச்சம். மேசையில் உங்களுக்கு இடிப்பது அகலம், ஆழம் இல்லையே.

60 சதவீதத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. அதில் வல ஷிஃப்ட் முழு நீளத்தில், சுமார் 52 மில்லிமீட்டர் இருக்கும். 65-லும் 75-லும் மேல் ஆரோவை நுழைப்பதற்காக அதைச் சுமார் 33 மில்லிமீட்டராகச் சுருக்கிவிடுவார்கள். ஆங்கிலக்காரர்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. தமிழ்99-இல் ஸ, ஷ, ஜ, ஹ நான்கும் முறையே கியூ, டபிள்யூ, இ, ஆர் கீகளில் ஷிஃப்டோடு வருகின்றன. தட்டச்சுப் பயிலகத்தில் முறையாகப் பழகியவர் இடக்கை எழுத்துக்கு வல ஷிஃப்டைத்தான் தேடுவார். சுண்டுவிரல் பழைய நினைப்பில் கொஞ்சம் வெளியே போய் விழுந்தால் அங்கே ஷிஃப்ட் இல்லை, மேல் ஆரோ உட்கார்ந்திருக்கிறது. ‘ராஜா’ என்று அடிக்கப் போய் ‘ரா’ இந்த வரியிலும் மிச்சம் மேல் வரியிலுமாக நிற்கும். புதிதாக மாறிய பத்து நாள் எனக்கு இதே பிழைப்புதான். பிறகு விரல் தானாகத் திருந்திவிட்டது. ஆரோ கூட்டத்தைச் சற்றே தள்ளி, இடைவெளி விட்டு வைத்திருக்கும் 75 சதவீத மாடல்களும் உண்டு. கிடைத்தால் அதையே எடுங்கள். 60-க்குள்ளேயே ஆரோவைத் திணித்து 64 கீ என்று விற்பவற்றில் வலப்பக்கம் இன்னும் நெரிசல். படத்தைப் பெரிதாக்கி, ழ வரும் சாய்கோட்டுக் கீ தனியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுங்கள். 40 சதவீதம் பக்கமே போக வேண்டாம், தமிழுக்கு அங்கே கீயே போதாது.

அடுத்து சுவிட்ச். ஜெர்மனியின் செரி கம்பெனி 1980-களில் கொண்டுவந்த எம்எக்ஸ் வடிவத்தைத்தான், காப்புரிமை முடிந்த பிறகு, கேட்டரான், கைல், ஔட்டெமு என்று சீனக் கம்பெனிகளும் செய்து தள்ளுகின்றன. நிறப் பெயர்களும் செரியிடமிருந்து வந்தவையே. சிவப்பு லீனியர், தடங்கலின்றி நேராக இறங்கும். பிரவுனில் பாதி வழியில் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். ப்ளூவில் மேட்டோடு ‘டிக்’ என்று சத்தமும் வரும். செரி கணக்கில் சிவப்பை அழுத்த 45 சென்டிநியூட்டன் விசை வேண்டும், ப்ளூவுக்கு 60. சென்டிநியூட்டன் என்றதும் மிரள வேண்டாம், ஏறக்குறைய அத்தனை கிராம் எடையை விரல் நுனியில் வைத்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ளூ எனக்குப் பிடிக்கும். தட்டச்சுப் பயிலகத்தில் இருபது மெஷின் ஒரே நேரத்தில் ‘ஏஎஸ்டிஎஃப்ஜிஎஃப்’ அடிக்கும் அந்தச் சத்தம் காதில் வந்து போகும். ஆனால் ஆறு எழுத்தைச் சுமக்கும் சுண்டுவிரலுக்கு ஒவ்வொரு அடிக்கும் கூடுதலாகப் பதினைந்து கிராம் என்றால், இரண்டாயிரம் சொல் கட்டுரையின் முடிவில் அது வலிக்கத்தான் செய்யும். இரவு ஒரு மணிக்கு ஒரே அறையில் தூங்கும் நண்பர் கெத்து என்று சொல்வாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். 45-க்குப் பக்கத்தில் இருக்கும் லீனியர் போதும். அதிலேயே சைலன்ட் ரகம் கிடைத்தால் உத்தமம். உள்ளே இறங்கும் தண்டில் ரப்பர் வைத்து, அடிவிழும் சத்தத்தையும் திரும்பி வந்து மோதும் சத்தத்தையும் அடக்கியிருப்பார்கள். தொடுகை கொஞ்சம் மெத்தென்று இருக்கும், சிலருக்குப் பிடிக்காது. ‘ஸ்பீடு சில்வர்’ என்று கடைக்காரர் எடுத்துக் காட்டினால் வேண்டாம் என்பேன். சிவப்பு 2 மில்லிமீட்டர் இறங்கினால் பதிவாகும், இந்தச் சில்வர் 1.2-லேயே பதிவாகிவிடும். விரலை ஓய்வாக வைத்தாலே எழுத்து கொட்டும்.

ஹாட்-ஸ்வாப் ஏன் கட்டாயம் என்கிறேன்? கடற்கரை ஊரில் இருப்பதால். நான் திருவான்மியூர்க்காரன், ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று. மெக்கானிக்கல் சுவிட்சின் உள்ளே இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் தொட்டுப் பிரிகின்றன. ஈரமும் தூசியும் அங்கே படிந்தால் ஒரு தடவை அழுத்தியதை இரண்டு தடவையாகப் பதிவு செய்யத் தொடங்கும். ஆங்கிலத்தில் இது நடந்தால் உடனே தெரிந்துவிடும், எழுத்துப்பிழையின் கீழ் சிவப்புக்கோடு விழும். தமிழ்99-இல் ஒரே மெய்யெழுத்தை இரண்டு தடவை அடித்தால் முதலாவதற்குத் தானாகவே புள்ளி விழும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்குக் கெட்டுப்போனது ட வரும் ஓ கீ. ‘நேற்று படம் பார்த்தேன்’ என்று அடித்தது ‘நேற்று பட்டம் பார்த்தேன்’ என்று நின்றது. பாடம் பாட்டம் ஆனது. ‘பட்டம்’ நல்ல தமிழ்ச் சொல், எந்தப் பிழைதிருத்தியும் வாய் திறக்காது. அனுப்பிய கட்டுரையை ஆசிரியர் திருப்பிவிட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்தக் கீபோர்டில் சுவிட்சைச் சாலிடர் வைத்து ஒட்டியிருந்தார்கள். ஒரு சுவிட்சுக்காக முழு போர்டையும் பிரிக்க வேண்டியதாயிற்று. ஹாட்-ஸ்வாப் என்றால் பெட்டியில் வரும் இடுக்கியால் பிடுங்கிவிட்டுப் புதியதைச் செருகலாம், ஒரு நிமிட வேலை.

ஹாட்-ஸ்வாப் என்று போட்டிருந்தாலும் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். சுவிட்சின் அடியில் இருக்கும் கால்களைத்தான் பின் என்பார்கள்: 3 பின் மட்டும் ஏற்குமா, 5 பின்னும் ஏற்குமா? 5 என்றால் எதையும் மாட்டலாம். எல்லா கம்பெனி சுவிட்சும் நுழையுமா? மலிவு மாடல்கள் சிலவற்றில் மெல்லிய கால் கொண்ட ஒரே பிராண்ட் சுவிட்ச்தான் போகும், மற்றதைச் செருகினால் கால் மடங்கும்.

மேக்னெடிக் சமாச்சாரத்துக்கு வருவோம். 1879-இல் எட்வின் ஹால் கண்டுபிடித்த விளைவுதான் அடிப்படை. தண்டில் ஒரு காந்தம், போர்டில் ஒரு சென்சார். உலோகத் தொடுகையே இல்லாததால் என் ‘பட்டம்’ கதை அதில் நடக்காது. அழுத்தம் எத்தனை ஆழம் என்பது தொடர்ச்சியாகத் தெரிவதால் பதிவாகும் புள்ளியை நாமே மாற்றலாம், விரல் லேசாக மேலே எழுந்தவுடனே கீயை விடுவித்ததாகக் கொள்ளச் செய்யலாம். ‘ரேபிட் ட்ரிக்கர்’ என்பது இதுதான். ஓடிக்கொண்டே சட்டென நின்று சுட வேண்டிய வேலோரன்ட் போன்ற ஆட்டத்தில் இதற்கு உண்மையிலேயே பலன் உண்டு. ஆனால் அதே அமைப்பில் கட்டுரை அடிக்க உட்கார்ந்தால் விரல் உரசியதெல்லாம் எழுத்தாகும். ஆட்டத்துக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என்று தனித்தனி ப்ரொஃபைல் வைத்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இடமும் வலமும் ஒரே நேரத்தில் அழுத்தினால் கடைசியில் அழுத்தியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் ‘ஸ்னாப் டேப்’ போன்ற வசதிகளையும் பெருமையாக விற்பார்கள். இதே ரக ஆட்டமான கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-இன் அதிகாரப்பூர்வ சர்வர்களில், அதை உருவாக்கிய வால்வ் கம்பெனி 2024 ஆகஸ்டிலேயே அதைத் தடை செய்துவிட்டது. ரேங்க்தான் உயிர் என்றால் மேக்னெடிக் வாங்குங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால் நாளின் பெரும்பகுதி எழுத்திலும் புரோகிராமிங்கிலும் போகிறது.

கீயின் மேல்மூடியான கீகேப்பில் பிபிடி பிளாஸ்டிக் எடுங்கள். ஏபிஎஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக் நம்மூர் வியர்வைக் கையில் சில மாதத்திலேயே எண்ணெய் தேய்த்ததுபோல மின்னத் தொடங்கும். வயர்லெஸ் வேண்டுமென்றால் கேமுக்கு, யூஎஸ்பியில் செருகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் வழியாக இணையுங்கள், ப்ளூடூத்தை டேப்லெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வயர் போதும் என்றால் அந்தக் காசு சுவிட்சுக்கு ஆகும். பல வண்ண ஆர்ஜிபி விளக்கைப் பற்றி எனக்குக் கருத்து கிடையாது.

வாங்குமுன் ஒரு சனிக்கிழமை, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய்விட்டு வாருங்கள். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். போனில் தமிழ்99 வசதியைப் போட்டுக்கொண்டு ஒரு ஓடிஜி இணைப்பியும் பையில் எடுத்துப் போங்கள். டிஸ்பிளேயில் இருக்கும் கீபோர்டைப் போனில் செருகிக் கடையிலேயே அடித்துப் பார்க்கலாம். ‘ராஜாஜி ஹாலில் ஷாஜகான் வேஷம்’ என்று நாலு தடவை அடியுங்கள், வல ஷிஃப்ட் ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். ‘பழைய ஞாயிறு சந்தையில் நண்டு’ என்று நாலு தடவை, சுண்டுவிரல் சொல்லிவிடும். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பரவாயில்லை.

வீட்டுக்கு வந்து மாட்டியதும் தமிழுக்கு மாறவில்லை என்று பதறாதீர்கள். விண்டோஸில் மொழி மாற்ற விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் அழுத்துவோம். கேமிங் கீபோர்டுகளில், ஆட்டத்தின் நடுவே தவறுதலாக அழுத்திவிடக்கூடாது என்று அந்த விண்டோஸ் கீயையே பூட்டும் வசதி இருக்கும். பெரும்பாலும் ஃபங்ஷன் கீயோடு விண்டோஸ் கீயை அழுத்தினால் பூட்டு திறக்கும். இல்லையென்றால் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தத் துண்டுச்சீட்டில் பாருங்கள், அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.