ஹெல்ப் திறக்கிறது, பதில்தான் வரவில்லை

கேள்வி: சேர், எங்கள் எஸ்டேட் ஆபீஸில் செக்ரோல் பட்டியலை, அதாவது தொழிலாளரின் வேலை, சம்பளப் பதிவை, லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற அட்டவணை மென்பொருளில்தான் போடுகிறேன். பிரிண்ட் எடுத்தால் முதல் தாளில் மட்டும் தலைப்பு வரி வருகிறது. மற்றத் தாள்களில் எது பேர், எது கிலோ என்று விளங்காமல் துரை (எஸ்டேட் மேனேஜர்) சத்தம் போடுகிறார். எஃப்1 அழுத்தி ‘ஹெடிங்’ என்று தேடினால், வருவதெல்லாம் கடிதம் அடிக்கும் ரைட்டருக்கானவை. மழை பிடித்தால் சிக்னலும் போய்விடும், ஹெல்ப் பக்கமே திறக்காது. யாருக்காகத்தான் இதை எழுதி வைத்திருக்கிறார்கள்?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: முதலில் துரையைச் சமாளிப்போம். ‘ஃபார்மட்’ மெனுவில் ‘பிரிண்ட் ரேஞ்சஸ்’, அதற்குள் ‘எடிட்’. திறக்கும் பெட்டியில் ‘ரோஸ் டு ரிபீட்’ (Rows to repeat) என்று ஒரு பகுதி இருக்கும். அதன் வலப்பக்கக் கட்டத்தில் $1:$2 என்று அடித்து ஓகே கொடுங்கள். மேலே உள்ள இரண்டு வரியும் எல்லாத் தாளிலும் வரும். ‘வியூ’ மெனுவில் வரிகளை ஃப்ரீஸ் செய்வது, அதாவது நகராமல் நிறுத்துவது, திரைக்கு மட்டும்தான், தாளில் வராது. நிறையப் பேர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரி, உங்கள் கோபத்துக்கு வருவோம். அது நியாயம்தான். ஹெல்ப் பக்கங்களில் பல, மென்பொருளில் உள்ள பெட்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டு எழுதியவை. இந்தக் கட்டம் இதைச் செய்யும், அந்தக் கட்டம் அதைச் செய்யும் என்று போகும். நாளைக்குச் சம்பளம் என்று பதறிக்கொண்டு நிற்கிறவருக்கு எந்தப் பெட்டியைத் திறப்பது என்பதல்லவா கேள்வி? லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஆள் தேடி வந்தவரிடம் ஒவ்வொரு காம்பராக் (அறை) கதவும் எப்படித் திறக்கும் என்று விளக்குகிற கதைதான்.

வேடிக்கை என்னவென்றால், உங்களுக்கு வேண்டிய பக்கமும் அதே ஹெல்ப்பில் இருக்கிறது. மேல் இரண்டு வரியையும் முதல் நிரலையும் (column) எல்லாத் தாளிலும் எடுப்பதைப் படிப்படியாகச் சொல்கிறது, நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது அச்சிடும் விஷயங்களோடு கிடக்கிறது. அதனால் தேடும்போது கண்ணில் படுகிற பொருளை விட்டுவிட்டு, செய்யப்போகிற வேலையை அடியுங்கள்: ‘பிரிண்டிங் ரோஸ்’ (printing rows). ஏதாவது பெட்டி திறந்திருந்தால் அதற்குள் உள்ள ‘ஹெல்ப்’ பொத்தானை அழுத்துங்கள், நேரே அந்தப் பெட்டிக்குரிய பக்கம் வரும்.

அப்புறம் சிக்னல். எஃப்1 இணையத்துக்கு ஓடுவதற்குக் காரணம், இணையம் இல்லாமலே திறக்கும் ஓஃப்லைன் ஹெல்ப் தனி இன்ஸ்டோலராக இருப்பதுதான். லிப்ரே ஆபிஸை இறக்கும் இடத்திலேயே அதுவும் கிடைக்கும். ஹட்டனுக்குப் போகிற நாளில் இறக்கி பென்டிரைவில் கொண்டுவாருங்கள். உங்களிடம் உள்ள பதிப்பின் எண்ணும் அதன் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். ‘ஹெல்ப்’ மெனுவில் ‘அபவுட்’ பார்த்தால் எண் தெரியும். 2024இல் எண் போடும் முறையையே மாற்றிவிட்டார்கள், 7.6க்கு அடுத்து வந்தது 24.2. அதைப் பார்த்துக் குழம்பவேண்டாம்.

போன கையோடு ‘கால்க் கைட்’ பிடிஎஃபையும் இறக்குங்கள், இலவசம். ஆங்கிலம்தான், ஆனாலும் படங்கள் இருக்கின்றன, பிரிண்டுக்கென்றே ஓர் அத்தியாயமும் உண்டு. ஹெட் ஆபீஸில் எக்செல்லில்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ‘பேஜ் லேஅவுட்’டில் ‘பிரிண்ட் டைட்டில்ஸ்’ பாருங்கள், இதே வேலை அங்கே நடக்கும்.