பலர் சேர்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை எழுதும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கேள்வி: ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, மாறி மாறி எழுதி ஒரே கதையை வளர்க்கும் ரோல்ப்ளே குழு ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். மற்றவர்கள் மனம் நோகாமல் எழுத என்ன தெரிந்திருக்க வேண்டும்?

நான் பர்மாவில், யாங்கோனில் (பழைய ரங்கூன்) இருக்கிறேன். எங்கள் குழுவில் ஏழு பேர். நாலு பேர் இங்கே, ஒரு அக்கா மோல்மேனில், இரண்டு பேர் சென்னையில். இரண்டு வருடமாக ஒரே கதையைத்தான் எழுதுகிறோம்: 1942-இல் ஜப்பானியர் படையெடுப்புக்கு அஞ்சி ரங்கூனை விட்டு இந்தியாவுக்கு நடந்தே கிளம்பிய ஒரு கூட்டத்தின் கதை. எங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் அந்த நடையைப் பற்றி யாராவது ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதனால்தான் அதை எடுத்தோம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. உங்கள் பாத்திரம் மட்டுமே உங்களுடையது. அடுத்தவர் பாத்திரத்தின் வாய், கை, கால், மனசு, உயிர் எதையும் நீங்கள் தொடக் கூடாது. அப்படித் தொடுவதைக் காட்மாடிங் என்பார்கள். கேட்க எளிதாக இருக்கும், எழுதும் வேகத்தில் தவறிவிடும். நான் தொடக்கத்தில் எழுதிய ஒரு பகுதி இது:

‘மேஸ்திரி கிழவியின் கையைப் பிடித்து இழுத்தான். அவள் தடுமாறி விழுந்தாள். இனி என்னால் நடக்க முடியாது என்று அழுதாள்.’

மேஸ்திரி என் பாத்திரம். கிழவி மோல்மேன் அக்காவுடையவள். விழுந்தது, அழுதது, பேசியது எல்லாம் அவள், எழுதியதோ நான். அதையே இப்போது எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘மேஸ்திரி கிழவியின் கையைப் பிடிக்க எட்டினான். பின்னால் மாட்டுவண்டிகள் நெருங்கிவிட்டன. “ஆத்தா, இந்த இடத்துல நிக்கக் கூடாது.”’

கை கிடைத்ததா, கிழவி தட்டிவிட்டாளா என்பதை அக்கா எழுதுவார். முயற்சி வரைக்கும் நம்முடையது, பலன் அவருடையது. அப்புறம், இரண்டாவது பகுதியில் அக்கா பற்றிக்கொள்ள மூன்று இடம் இருக்கிறது: நீட்டிய கை, வரும் வண்டி, சொன்ன சொல். முதலாவதில் ஒன்றுமே இல்லை. பதில் எழுதுபவருக்கு ஒரு பிடியாவது விட்டுவைப்பது பெரிய மரியாதை. ‘அவன் தலையசைத்தான்’ என்று ஒரே வரி போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டால், கதையைத் தள்ளும் பாரம் முழுதும் அடுத்தவர் தலையில் விழும்.

என் பெரிய தவறு அதற்கும் பிறகு நடந்தது. கூட்டம் மோனிவாவில் படகேறி, சிண்ட்வின் (Chindwin) ஆற்றோடு கலேவா வந்து, எல்லையோர ஊரான தாமுவை நோக்கி நடந்துகொண்டிருந்தது. அந்தப் பாதையில் காலராவிலும் மலேரியாவிலும் மாண்டவர்கள் ஏராளம். அது கதையில் வராவிட்டால் பொய்யாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. யாரையும் கேட்காமல், கிழவி காலராவில் இறந்தாள் என்று எழுதிவிட்டேன். நல்ல தமிழில், கவனமாகத்தான் எழுதினேன். அக்கா ஒன்பது நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்தாம் நாள் தனியாக ஒரு செய்தி வந்தது: “தம்பி, எங்க பாட்டியோட அம்மா அந்த ரோட்டுலதான் போனாங்க. கதையிலயாவது அவங்கள அக்கரை சேர்க்கலாம்னுதான் இந்தக் கிழவிய எடுத்தேன்.”

அன்றே மன்னிப்புக் கேட்டேன். எழுதியதை நீக்கினேன், ஏன் நீக்கினேன் என்று குழுவிலும் சொன்னேன். ஒருவர் ஏன் ஒரு பாத்திரத்தை எடுத்தார் என்பது நமக்குத் தெரியாது. அதனால் மரணம், பெருங்காயம், கர்ப்பம், பிரிவு மாதிரியான விஷயங்களை எழுதுமுன் தனியாகக் கேட்டுவிடுங்கள். அவர் மாட்டேன் என்றால் காரணம் கேட்காதீர்கள். எங்களில் ஒரு தம்பிக்குப் பதினாறு வயது. அவன் எழுதும் காட்சிகளில் காதல் நெருக்கம் கிடையாது. இதில் விவாதத்துக்கே இடமில்லை.

அடுத்தது, பாத்திரத்துக்குத் தெரியாததை அது பேசுவது. மெட்டாகேமிங் என்பது இதற்குப் பெயர். சரித்திரக் கதையில் இது சுலபமாக நுழைந்துவிடும். ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23-இல், நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது 1942 மார்ச் 8-இல். இதெல்லாம் நமக்குத் தெரியும். ஜனவரிக் காட்சியில் நிற்கும் துறைமுகக் கூலிக்கு எப்படித் தெரியும்? சென்னைத் தம்பி ஒருவர் தன் கடைக்காரர் பாத்திரத்தை ‘மார்ச்சுக்குள் கிளம்பிவிடுங்கள்’ என்று பேச வைத்தார். அந்த ஒரு வரியால் மற்ற ஆறு பேரின் தயக்கமும் பயமும் அர்த்தமில்லாமல் போயின. எடுத்துச் சொன்னோம், ‘துறைமுகத்தில் ஆள் குறைகிறது, எனக்கு மனசு சரியில்லை’ என்று மாற்றினார். முன்னதைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது. இன்னொருவர் தன் பாத்திரத்தின் மனதுக்குள் ஓடியதாக எழுதியதற்கு உங்கள் பாத்திரம் பதில் சொல்வதும் இதே வகைதான்.

கதைக்கு வெளியே பேச வேண்டியிருந்தால் நாங்கள் இரட்டை அடைப்புக்குறி போட்டுப் பேசுவோம். கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலை அது. அவன் ராஜாவோடும் பேசுவான், சபையோடும் பேசுவான், எப்போது யாரோடு பேசுகிறான் என்று எல்லோருக்கும் தெரியும். இந்தக் கோடு அழிந்தால் ஆபத்து. என் மேஸ்திரி கெட்டவன், வாய் மோசம். அவன் திட்டுவதை நான் திட்டுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, கடுமையான காட்சி முடிந்ததும் வெளியே வந்து ‘எல்லாம் சரிதானே அக்கா?’ என்று கேட்டுவிடுவேன்.

தன்மையா படர்க்கையா, இறந்தகாலமா நிகழ்காலமா என்று குழுவில் வழக்கம் இருக்கும், அதைப் பார்த்து எழுதுங்கள். எழுத்துப்பிழையைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். 1960-களில் இங்கே தனியார் பள்ளிகள் அரசுடைமையாயின. அதன்பின் எங்களில் பலர் தமிழ் படித்தது கோயில் வகுப்பிலோ வீட்டுத் திண்ணையிலோதான். சிலருக்கு லகர ளகரம் மாறும், சிலர் பேச்சுத்தமிழிலேயே எழுதுவார்கள். எல்லோர் முன்னாலும் திருத்தினால் அவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள், நின்று போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களாகக் கேட்டால் தனியாகச் சொல்லுங்கள்.

கடைசியாக, காத்திருப்பது. இங்கே கரண்ட் எப்போது வரும், நெட் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஒருவர் முறை வந்து ஐந்து நாள் ஆகியும் செய்தி இல்லையென்றால் அடுத்தவர் எழுதலாம் என்று பேசிவைத்திருக்கிறோம். ஆனால் வராதவரின் பாத்திரத்தை விட்டுவிட்டு ஊர் தாண்டிப் போகக் கூடாது. முன்பு ஒருவர் ஒரே பதிவில் கூட்டத்தை ரங்கூனிலிருந்து மாண்டலேவுக்குக் கொண்டுபோய்விட்டார். இரண்டு பேரின் பாத்திரங்கள் ரயில் நிலையத்திலேயே நின்றுபோயின. போகிறவரும் தன் பாத்திரத்தைப் பத்திரமான இடத்தில் உட்கார வைத்துவிட்டு, குழுவில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

இந்த வாரம் அக்காவின் முறை. மூன்று நாளாக அங்கே கரண்ட் சரியில்லையாம். தாமுவைத் தாண்டி, மணிப்பூரில் இருக்கும் பாலேல் போகும் வழியில் ஒரு ஓடைக்கரையில் கிழவி உட்கார்ந்திருக்கிறாள். மேஸ்திரியும் மற்ற ஐந்து பேரும் அங்கேயே மூட்டையை இறக்கி வைத்திருக்கிறோம்.