தாத்தா பேர்ல ‘ஜே’ இருக்கு, திருத்தணுமா?

கேள்வி: தாத்தாவோட பிரெஞ்சு காலத்து பிறப்புப் பதிவுல பழனிவேலுங்கற பேர் பி-ஏ-ஜே-ஏ-ன்னு ஆரம்பிக்குது, படிச்சா ‘பஜனிவேலு’ன்னு வருது. அப்பா பேப்பர்ல எல்லாம் நம்ம இங்கிலீஷ் ஸ்பெல்லிங். ரெண்டும் வேற வேற ஆள்னு சொல்லிடுவாங்க, பிரெஞ்சு பேரை மாத்தித் தர்றேன்னு ஒரு புரோக்கர் பணம் கேக்குறார். கொடுக்கலாமா? (வில்லியனூர் வாசகர்)

பதில்: கொடுக்காதீங்க, அதுல மாத்துறதுக்கு ஒண்ணுமே இல்ல. அந்த ஜே நம்ம ‘ஜ’ கிடையாது, ‘போன்ஜூர்’ங்கற பிரெஞ்சு வணக்கத்துல வர்ற சத்தம், ழகரத்துக்குக் கிட்டக்க பிரெஞ்சுல இருக்கறது அது ஒண்ணுதான்னு எழுதிட்டாங்க. ஏழுமலைக்கும் அதே ஜேதான். நெஜமான ‘ஜ’ வந்தா முன்னாடி ஒரு டி (D) சேர்ப்பாங்க, ‘உ’வுக்கு ஓ-யூ, ராமசாமிக்கு ரெண்டு எஸ், ஏன்னா ஒத்தை எஸ் உயிரெழுத்துக்கு நடுவுல வந்தா பிரெஞ்சுக்காரன் ‘இசட்’ (Z) சத்தத்துல படிப்பான். முருகன் கடைசியில ஒரு இ (E) நிக்கும், இல்லன்னா ‘ன்’ மூக்குக்குள்ள போயிடும். இதெல்லாம் தப்பு இல்லீங்க, காதுல விழுந்ததை அவங்க முறைப்படி எழுதியிருக்காங்க.

நீங்க செய்ய வேண்டியது, ரெண்டு ஸ்பெல்லிங்கும் ஒரே ஆள்னு ஒரு அஃபிடவிட், அதோட தாத்தா தமிழ்ல கையெழுத்துப் போட்ட பழைய பத்திரம் ஏதாவது இருந்தா அதோட காப்பி. ‘பழனிவேலு’ன்னு அவரே எழுதின கையெழுத்து, பக்கத்துல அவங்க அப்பா பேர், ஊர் பேர் எல்லாம் பதிவோட ஒத்துப் போச்சுன்னா அதைவிட பெரிய சாட்சி கிடையாது.

ஒரே ஒரு இடத்துல மட்டும் இந்தப் பேச்சு செல்லாது, ரெனோன்சான் குடும்பம். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி நம்ம சாதி வழக்கச் சட்டத்தை விட்டுட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குப் போனவங்க, அப்போ குடும்பப் பேர்னு ஒண்ணு நிரந்தரமா எடுத்துக்கிட்டாங்க, பொன்னுத்தம்பி பிள்ளை ‘லாபோர்த்’ ஆனது அப்படித்தான். அந்தப் பேர் பிள்ளை, பேரன்னு எழுத்து மாறாம வரணும், அங்க போய் ‘சத்தம் ஒண்ணுதானே’ன்னு வாதாட முடியாது, இந்தியப் பேப்பரைத்தான் அந்த எழுத்துக்கு இழுக்கணும். பதிவுல குடும்பப் பேர் தனியா இருக்கா, ஓரத்துல ரெனோன்சியேஷன் (அப்படி சட்டம் மாறினதோட) குறிப்பு இருக்கான்னு நல்லா பாருங்க, அது இல்லாம வெறும் பேரும் அப்பா பேரும் மட்டும் இருந்தா நீங்க அந்தக் கணக்குல வர மாட்டீங்க.

இப்ப புரோக்கர் விஷயம். ஸ்பெல்லிங் சரியானா பிரெஞ்சு குடியுரிமை வந்துடும்னு ஆசை காட்டுவாங்க, சுத்தப் பொய். இங்கயே பிறந்து இங்கயே குடியிருந்தவங்க 1962 ஆகஸ்ட் 16ல, பாண்டிச்சேரியை பிரான்ஸ் இந்தியாகிட்ட ஒப்படைச்ச ட்ரீட்டி (ஒப்பந்தம்) அமலுக்கு வந்ததுல இருந்து 6 மாசத்துக்குள்ள பிரெஞ்சு குடியுரிமை வேணும்னு எழுதிக் கொடுத்திருக்கணும், உங்க தாத்தா கொடுக்கலன்னா ஜேவை எல் ஆக்கி ஒரு பிரயோஜனமும் இல்ல. அதைவிட மோசம், பழைய நகல்ல ஒயிட்னர் போட்டு எழுத்து மாத்திக் கொடுக்கறவங்க இருக்காங்க. பிரான்ஸ்ல எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ்ங்கற ஊர்ல இருக்கற ஆவணக் காப்பகத்துல பழைய பாண்டிச்சேரிப் பதிவுகள் இன்னொரு படி இருக்கு, ஒப்பிட்டுப் பார்த்தா மாட்டப்போறது நீங்க, அவன் இல்ல.

இத்தனை வருஷத்துல பதிவு ஆபீஸ் கவுன்டர்ல எந்த எழுத்து எதுக்குன்னு ஒரே ஒரு பக்கம் ஒட்டி வெச்சிருந்தா இவனுங்களுக்கு வேலையே இருந்திருக்காது, ஒவ்வொரு பேரனும் புதுசா நிரூபிச்சுக்கிட்டே இருக்கணும்னா என்ன நியாயம்? ஒரிஜினல் நகலை அந்த ஆள்கிட்ட கொடுத்திருந்தீங்கன்னா முதல்ல போய் திருப்பி வாங்குங்க.