பழைய ஃபோர் வீல் பிக்கப் வாங்கப் போகிறீர்களா? கேள்வி பதில்

மேட்டுப்பாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பதால் மலையிலிருந்து இறங்கி வரும் பிக்கப்களோடுதான் என் பொழுது போகிறது. வாங்கும் முன் கொண்டுவந்து காட்டுகிறவர்கள் குறைவு. வாங்கிய பிறகு கொண்டுவருகிறவர்கள்தான் அதிகம். அதனால் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். ஃபோர் வீல் என்று நான் சொல்வது நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகிற வண்டி, டூ வீல் என்றால் பின் சக்கரம் இரண்டுக்கு மட்டும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாடலும் வருஷமும் பார்ப்பதற்கு முன்னால், அந்த வண்டி இதுவரை என்ன வேலை பார்த்தது என்று விசாரியுங்கள். பதில்களில் பாதி அதைச் சுற்றித்தான் வரும்.

கோத்தகிரியிலிருந்து: அண்ணா, எங்களுக்குச் சின்னத் தேயிலைத் தோட்டம். இலை மூட்டையும் ஏற்ற வேண்டும், வீட்டு ஆட்களையும் கூட்டிப் போக வேண்டும். வி-கிராஸ், ஜெனான், கெட்அவே மூன்றும் கைக்கு எட்டும் விலையில் இருக்கின்றன. எதை எடுக்கட்டும்?

மூன்றுமே டபுள் கேபின், மூன்றுமே டீசல், மூன்றிலும் சேஸிஸ் (அடிச்சட்டம்) தனி. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது.

மஹிந்திரா ஸ்கார்பியோ கெட்அவேயில் பிந்தைய வருஷங்களில் வந்தது 2.2 லிட்டர் எம்ஹாக் இன்ஜின். அது அந்தக் கால ஸ்கார்பியோவில் இருந்த அதே இன்ஜின். சின்ன ஊர்க் கடையிலும் சாமான் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். உட்காரும் சொகுசு சுமார்தான். பின் சீட்டில் பெரியவர்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் முதுகு பேசும்.

டாடா ஜெனான் எக்ஸ்.டி. 2.2 லிட்டர், 140 குதிரைசக்தி, 320 நியூட்டன் மீட்டர். இழுவையில் குறை சொல்ல முடியாது. ஃபோர் வீல் மாடலில் பின்பக்கம் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும் உண்டு, ஒரு சக்கரம் சும்மா சுழன்றாலும் மறு சக்கரத்துக்கும் சக்தி போகும், சேற்றில் அதன் அருமை தெரியும். ஆனால் உற்பத்தி நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. இன்ஜின் சாமானை எப்படியாவது தேடிவிடலாம். முன் பம்பர், ஹெட்லைட், உள்ளே பிளாஸ்டிக் என்று போனால் அலைய வேண்டியிருக்கும். விலை நன்றாகக் குறைந்தால் மட்டும் யோசியுங்கள்.

இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் 2016-ல் வந்தது. நம் பக்கத்திலேயே, ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் தயாராகிறது. பழைய 2.5 லிட்டர் இன்ஜின் அவசரப்படாத இன்ஜின், ஒழுங்காக ஆயில் மாற்றியிருந்தால் நீண்ட நாள் உழைக்கும். குடும்பத்தோடு போக மூன்றில் இதுதான் வசதி. ஆனால் நீளம் 5.3 மீட்டர். கோத்தகிரி ரோட்டில் சமாளிப்பீர்கள், உங்கள் தோட்டத்துக்குள் போகும் பாதையில் ஒரே திருப்பில் வளையுமா? முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த வண்டியை உங்கள் தோட்டப் பாதையில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். விற்கிறவர் மறுத்தால் அதே அளவு வேறு வண்டியையாவது கொண்டுபோய்ப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், மூட்டைதான் முக்கியம் என்றால் கெட்அவே, ஆட்கள்தான் முக்கியம் என்றால் வி-கிராஸ். இன்னொன்று, ஆர்.சி.யில் காலி எடையும் மொத்த எடையும் போட்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குள்தான் ஐந்து பேரும் மூட்டையும் அடங்க வேண்டும். சொகுசு பிக்கப்களில் அந்த வித்தியாசம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு.

கொடைக்கானலிலிருந்து: சார், ஃபோர் வீல் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய வண்டி விற்கும் கன்சல்டிங்கில் குமிழைத் திருப்பி லைட் எரிவதைக் காட்டுகிறார்கள்.

நல்ல கேள்வி. லைட் எரிவதற்கும் முன் சக்கரம் இழுப்பதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

முதலில் குனிந்து அடியில் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற பெட்டி) முன்னாடியும் ஒரு ஷாஃப்ட் போக வேண்டும். சிரிக்காதீர்கள், டூ வீல் வண்டியையே ஃபோர் வீல் என்று நினைத்து வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஜெனான், கெட்அவே இரண்டிலும் டூ வீல் மாடல் உண்டு. 2021-ல் வந்த பி.எஸ்.6 (பி.எஸ்.4-க்கு அடுத்த புகைக் கட்டுப்பாட்டு விதி) வி-கிராஸிலும் ஒரு ஆட்டோமேட்டிக் மாடல் டூ வீல்தான்.

அடுத்தது, வண்டியை மண் தரைக்குக் கொண்டு போங்கள். தார் ரோட்டில் இந்தச் சோதனை வேண்டாம். இவையெல்லாம் தேவைப்படும்போது மட்டும் போடுகிற ஃபோர் வீல், முன்னையும் பின்னையும் வேறு வேறு வேகத்தில் சுழல விடுகிற டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. திரும்பும்போது முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வேறு வேறு தூரம் ஓடும். காய்ந்த தார் ரோட்டில் சக்கரம் வழுக்கிக்கொடுக்காது என்பதால், அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் கியரிலும் போய் உட்காரும். மண் தரையில் ஃபோர் ஹை (ஃபோர் வீலில் சாதாரண வேகத்துக்கானது) போட்டு, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டம் போடுங்கள். வண்டி லேசாகப் பிடித்துப் பிடித்து நகர்ந்தால் முன்பக்கத்துக்கும் சக்தி போகிறது. டூ வீலில் போடுகிற வட்டம் போலவே பிடிப்பே இல்லாமல் சுலபமாகப் போனால் சந்தேகப்படுங்கள்.

பிறகு வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஃபோர் லோ (வேகம் குறைந்து இழுவை கூடுவது) போடுங்கள். லைட் மினுக்கிக்கொண்டே இருந்தால் அது உள்ளே விழவில்லை. விழுந்தால் முதல் கியரில் ஒரு இறக்கத்தில், பிரேக் மிதிக்காமல் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு இறங்குங்கள். அப்போது ஃபோர் லோ துள்ளி வெளியே வந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் தேய்மானம். அந்தச் செலவை விலையில் கழித்தால் ஒழியத் தொடாதீர்கள்.

கடைசியாக ஆயில். டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் கிரவுன், பின் கிரவுன் (முன், பின் ஆக்சிலில் உள்ள டிஃபரன்ஷியல் பெட்டிகள்) மூன்றிலும் ஆயில் ஊற்றும் பிளக்கைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, ஓடையில் இறங்கிய வண்டி. விரலில் ஜிகினா மாதிரி மின்னினால் பல் தேய்ந்திருக்கிறது. பிளக்கைக் கழற்றவே விடமாட்டேன் என்று சொன்னால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.

நான்கு டயரும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்கிறதா என்பதும் இதில் சேரும். முன்னால் புதுசு, பின்னால் மொட்டை என்று ஃபோர் வீலில் ஓட்டியிருந்தால், அந்த முறுக்கு எங்கே போயிருக்கும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

கொல்லிமலையிலிருந்து: அண்ணே, எனக்கு ஃபோர் வீல் தேவையா? மிளகும் காப்பியும் கீழே கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

தேவையில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவு இருந்தாலும் அது தார் ரோடு. நல்ல டயர், நல்ல பிரேக், பின்னால் கொஞ்சம் லோடு இருந்தால் சாதாரண பொலேரோ பிக்கப்பே ஏறி இறங்கும். ரோட்டிலிருந்து தோட்டம் வரை மழைக்காலத்தில் சேறு எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். இரண்டு மாதம் சேறு என்றால் அந்த இரண்டு மாதத்துக்கு டிராக்டர் வாடகை எடுப்பது லாபம்.

தூத்துக்குடியிலிருந்து: எங்கள் பக்கம் ஒரு மஹிந்திரா பொலேரோ கேம்பர் ஃபோர் வீல் விலைக்கு வருகிறது. இன்ஜின் பிரமாதமாக இருக்கிறது. ஐஸ் பெட்டி ஏற்றி ஓடியதாம்.

இன்ஜினைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது போதும், சேஸிஸைப் பாருங்கள். மீன் லோடில் ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் ஒழுகும். அது பின் தொட்டியின் மூலை வழியாக சேஸிஸின் உள்பக்கம் இறங்கி, வெளியே தெரியாமல் அரிக்கும். புதுசாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் கவனம். சின்ன சுத்தியலால், பின் பட்டை (சுமை தாங்கும் பட்டை ஸ்பிரிங்) மாட்டியிருக்கும் கொக்கிப் பக்கம் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்டால் உள்ளே ஒன்றும் இல்லை. பிரேக் பைப்பும் துருப்பிடித்திருக்கும்.

சேஸிஸ் வளைந்திருக்கிறதா என்பதற்கு எளிய வழி ஒன்று: கேபினுக்கும் பின் தொட்டிக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். மேலும் கீழும் ஒரே அகலம் இருக்க வேண்டும். மேலே அதிகமாக விரிந்திருந்தால் அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறார்கள். பட்டையில் கம்பெனி கொடுத்ததைவிடக் கூடுதலாக ஒன்றிரண்டு சேர்த்திருந்தாலும் அதே கதை.

சேஸிஸில் வெல்டிங் தெரிந்தால் விலை பேசவே வேண்டாம். எனக்கு இதில் சமரசம் கிடையாது. இன்ஜினை ஓவர்ஹாலிங் செய்யலாம், கியர் பாக்ஸை மாற்றலாம். அரித்த சேஸிஸை வைத்துக்கொண்டு மலையிலும் மணலிலும் என்ன செய்வது?

சேலத்திலிருந்து: சார், டெல்லிப் பதிவு வி-கிராஸ் ஒன்று இங்கே உள்ளதைவிட மூன்று லட்சம் குறைவாகக் கிடைக்கிறது.

அந்த மூன்று லட்சம் எங்கே குறைந்தது என்று பார்ப்போம். டெல்லிப் பக்கம் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிக்குத் தடை என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன் பிறகு உத்தரவுகள் மாறினாலும் பயம் போகவில்லை, அதனால் பத்து வருஷத்தை நெருங்குகிற வண்டியை மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். வண்டி நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும், இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும், நம்பர் மாற்ற வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளிமாநில நம்பரில் வைத்து ஓட்டக் கூடாது. வரி எவ்வளவு வரும் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிட்டு அப்புறம் கணக்குப் போடுங்கள். என்.ஓ.சி. கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பழைய ஃபைனான்ஸ் பாக்கி இருந்தால் படிவம் 35-ல் அதை நீக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து: வெள்ளை போர்டு வாங்குவதா, மஞ்சள் போர்டு வாங்குவதா?

வி-கிராஸ் பெரும்பாலும் வெள்ளை போர்டு. கேம்பர் பெரும்பாலும் சரக்கு வாகனமாக மஞ்சள் போர்டு. மஞ்சள் போர்டுக்கு முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எஃப்.சி. (தகுதிச் சான்று), அதன் பிறகு வருஷா வருஷம். வெள்ளைக்குப் பதினைந்து வருஷம் வரை அந்தத் தொல்லை இல்லை. லைசென்ஸ் பற்றிப் பயம் வேண்டாம். 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு சாதாரண கார் லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. வெள்ளை போர்டில் வாடகைக்கு லோடு அடித்தால் மட்டும் மாட்டிக்கொள்வீர்கள், விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கையை விரித்துவிடும்.

வால்பாறையிலிருந்து: அண்ணா, பி.எஸ்.4 எடுப்பதா, பி.எஸ்.6 எடுப்பதா? எஸ்டேட்டுக்குள்தான் ஓட்டம், ஒரு நாளைக்கு ஏழெட்டு கிலோமீட்டர்.

உங்களுக்கு பி.எஸ்.4. பி.எஸ்.6 டீசலில் புகைக்கரியைப் பிடிக்க டி.பி.எஃப். என்ற ஃபில்டர் இருக்கிறது. அதில் சேர்ந்த கரியை எரித்துத் தள்ள, புகைக்குழாய் நன்றாகச் சூடாக வேண்டும். அதற்கு இருபது நிமிஷமாவது ஒரே வேகத்தில் ஓட்ட வேண்டும். எஸ்டேட்டுக்குள் மூன்று கிலோமீட்டர் போய் நிறுத்தி, மறுபடி மூன்று கிலோமீட்டர் என்று ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு தடவை பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ இறங்குகிறவர் என்றால் பி.எஸ்.6 எடுக்கலாம், 1.9 லிட்டர் வி-கிராஸில் 163 குதிரைசக்தி, ஓட்ட இன்னும் சுகம். ஃபில்டரை எடுத்துவிட்டு சாஃப்ட்வேர் மாற்றித் தருகிறோம் என்பார்கள். அப்படி மாற்றிய வண்டியை வாங்கவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம்.

திருநெல்வேலியிலிருந்து: 1,40,000 கிலோமீட்டர் ஓடியது அதிகமா?

ஹைவேயில் ஓடியது என்றால் இல்லை. ஃபோர் லோவில் மரம் இழுத்தது என்றால் 40,000-மே அதிகம். மீட்டரைக் குறைப்பது சுலபம், அதனால் கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டியரிங் தோல், டிரைவர் சீட்டின் ஓரம் மூன்றையும் பாருங்கள். பின்னால் இழுவைக் கொக்கி மாட்டிய துளைகள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சென்னையிலிருந்து: லிஃப்ட் கிட், பெரிய டயர், ஸ்நார்க்கல் எல்லாம் போட்ட வண்டி. பார்க்கவே கம்பீரமாக இருக்கிறது தலைவா!

இருக்கும். அந்தக் கம்பீரத்துக்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டாம். உயரம் ஏறினால் முன் ஆக்சிலில் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் சி.வி. ஜாயிண்ட் கோணம் மாறிச் சீக்கிரம் போகும், பெரிய டயர் கிளட்சைத் தின்னும். ஆர்.சி.யில் இல்லாத மாற்றம் எஃப்.சி.யிலும் இன்சூரன்ஸிலும் தலைவலி. சென்னை வண்டி என்பதால் இன்னொன்று: டிரைவர் சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கோடு இருந்தால் அது 2015 வெள்ளத்தையோ 2023 வெள்ளத்தையோ பார்த்த வண்டி.

ஊட்டியிலிருந்து: பழைய டொயோட்டா ஹைலக்ஸ்?

இந்தியாவில் 2022-ல்தான் வந்தது, எல்லாமே ஃபோர் வீல், பின் டிஃபரன்ஷியல் லாக்கும் உண்டு. மிக நல்ல வண்டி. ஆனால் பழசுக்கும் புதுசுக்கும் விலையில் பெரிய இடைவெளி இல்லை என்றால் புதுசுக்கே போங்கள்.

தேனியிலிருந்து: வாங்கிவிட்டேன் அண்ணே, கெட்அவே 2013. முதலில் என்ன செலவு செய்யட்டும்?

இன்ஜின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் கிரவுன், பின் கிரவுன் ஐந்திலும் ஆயில் மாற்றுங்கள். பழைய ஆயிலைத் தனித்தனித் தட்டில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கொட்டுங்கள். கூலன்ட், பிரேக் ஆயில், டீசல் ஃபில்டர். ஷாஃப்டில் உள்ள யூ.ஜே. கிராஸுக்கு (ஷாஃப்ட் மடங்கும் மூட்டு) கிரீஸ் அடிக்கச் சொல்லுங்கள், வண்டி கிளம்பும்போது டக்கென்று சத்தம் வந்தால் அதை மாற்றிவிடுங்கள். அதோடு மாதம் ஒரு முறை மண் தரையில் கொஞ்ச தூரம் ஃபோர் வீல் போட்டு ஓட்டுங்கள். போடாமலே வைத்திருந்தால் மாற்றுகிற மோட்டார் இறுகிப்போய், தேவைப்படுகிற அன்று வேலை செய்யாது.

ஸ்டீரியோ, சீட் கவர் எல்லாம் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.