சீரியல் போர்ட்டில் வைத்த வேகம் ஏன் நிலைப்பதில்லை?

கேள்வி: லினக்ஸ் சர்வர் ஒன்றிலிருந்து யுஎஸ்பி-சீரியல் கேபிள் வழியாக ஒரு நெட்வொர்க் சுவிட்சின் கன்சோலை இணைத்திருக்கிறேன். போர்ட் அமைப்பை மாற்றும் எஸ்டிடிஒய் கட்டளையால் வேகத்தை நொடிக்கு 9600 பிட் என்று வைத்தேன். சில நேரம் சரியாக வருகிறது, சில நேரம் குப்பை எழுத்துகள். சர்வரை ரீபூட் செய்தால் வைத்ததெல்லாம் போய்விடுகிறது. கமாண்ட் லைனிலேயே இதை நிரந்தரமாக அமைக்க முடியாதா?

பதில்: முடியும். ஆனால் எஸ்டிடிஒய் மட்டும் அதைச் செய்யாது. அது எந்தக் கோப்பிலும் எதையும் எழுதி வைப்பதில்லை. அந்த போர்ட்டுக்காக கர்னல் நினைவகத்தில் வைத்திருக்கும் டெர்மியோஸ் விவரங்களை (வேகம், பிட் எண்ணிக்கை, எக்கோ போன்றவை) மாற்றுகிறது, அவ்வளவுதான். ரீபூட் செய்தாலோ, கேபிளைப் பிடுங்கிச் செருகினாலோ அது போய்விடும். போதாததற்கு, போர்ட்டைத் திறக்கும் எந்த நிரலும் அந்த விவரங்களைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். கடைசியாக மாற்றியவர் வைத்ததே செல்லும். சில நேரம் சரி, சில நேரம் குப்பை என்கிறீர்களே, வேகம் மட்டும் தவறாக இருந்தால் எப்போதுமே குப்பைதான் வரும். வேறு ஏதோ ஒரு நிரல் நடுவில் கை வைக்கிறது என்பதுதான் என் முதல் சந்தேகம்.

அதனால் வேகத்தைத் தொடுவதற்கு முன், போர்ட்டை யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ரூட் உரிமையுடன் 'ஃப்யூசர் -வி /டெவ்/டிடிஒய்யுஎஸ்பி0' என்று கொடுத்தால் போதும் (கடைசியில் இருப்பது போர்ட்டின் பெயர்). வழக்கமாகச் சிக்குபவர்கள் இரண்டு பேர். ஒன்று ஏஜெட்டி: லாகின் வரியைக் காட்டுவதற்காக அந்த போர்ட்டில் யாரோ எப்போதோ இயக்கி விட்டிருப்பார்கள். இன்னொன்று மோடம்மேனேஜர். புதிதாகச் செருகிய போர்ட்டில் மோடம் இருக்கிறதா என்று அது ஏடி கட்டளைகளை அனுப்பிப் பார்க்கலாம். உங்கள் சுவிட்ச் அதை யாரோ தட்டச்சு செய்ததாகவே எடுத்துக்கொள்ளும். சர்வரில் மோடம் எதுவும் இல்லையென்றால் அந்த சேவையை நிறுத்திவிடுங்கள், நஷ்டமில்லை.

குப்பை எப்படிப்பட்டது என்பதையும் உற்றுப் பாருங்கள், அது நிறையச் சொல்லும். எழுத்துகள் ஒழுங்காக வந்து நடுநடுவே விடுபட்டால், இரண்டு நிரல்கள் ஒரே போர்ட்டைப் படிக்கின்றன. வரும் பைட்டுகள் இருவருக்கும் பிரிந்து போகின்றன. எல்லாமே உருத்தெரியாமல் இருந்தால் வேகம் பொருந்தவில்லை. சில எழுத்துகள் மட்டும் எப்போதும் சரியாகவும், சில எப்போதும் தவறாகவும் வந்தால் அது பாரிட்டி, அதாவது பிழையைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு எழுத்தோடும் சேர்க்கும் கூடுதல் பிட். இரட்டைப்படை பாரிட்டியில், 1-களின் மொத்த எண்ணிக்கை இரட்டைப்படையாகும்படி அந்த பிட்டை வைப்பார்கள். எதிர்முனை 7 பிட், இரட்டைப்படை பாரிட்டியில் அனுப்புகிறது, நீங்கள் 8 பிட்டாகப் படிக்கிறீர்கள் என்று வையுங்கள். பெரிய எழுத்து ஏ-யின் மதிப்பு 65. அதில் இரண்டு பிட்டுகள்தான் 1, எனவே பாரிட்டி பிட் 0, எழுத்து பழுதில்லாமல் வரும். பி-யும் அப்படியே. சி-யின் மதிப்பு 67, அதில் மூன்று பிட்டுகள் 1. பாரிட்டி பிட் 1 ஆகி, எட்டாவது பிட்டாக ஒட்டிக்கொள்ளும். நீங்கள் படிப்பது 195. திரையில் குப்பை.

சரி, போர்ட் இப்போது உங்களிடம் மட்டும் இருக்கிறது. மாற்றுவதற்கு முன் 'எஸ்டிடிஒய் -எஃப் /டெவ்/டிடிஒய்யுஎஸ்பி0 -ஜி' என்று கொடுத்து வரும் நீண்ட சரத்தைச் சேமித்து வையுங்கள். அதையே திரும்பக் கொடுத்தால் பழைய நிலை வந்துவிடும். அப்புறம் இது:

எஸ்டிடிஒய் -எஃப் /டெவ்/டிடிஒய்யுஎஸ்பி0 9600 சிஎஸ்8 -பேரென்பி -சிஸ்டாப்பி -சிஆர்டிஎஸ்சிடிஎஸ் சிலோக்கல் ரா -எக்கோ

முன்னால் கழித்தல் குறி இருந்தால் அந்த வசதியை அணைக்கிறோம் என்று பொருள். 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட் என்பது முதல் பகுதி. மூன்றே கம்பி கொண்ட கேபிளில் வன்பொருள் ஃப்ளோ கன்ட்ரோலை (எதிர்முனை தனிக் கம்பியில் அனுமதி தரும்வரை காத்திருக்கும் வசதி, சிஆர்டிஎஸ்சிடிஎஸ்) அணைக்காவிட்டால், நீங்கள் அனுப்புவது வெளியே போகாமல் அப்படியே நின்றுவிடும். வந்த எழுத்தை அப்படியே திருப்பி அனுப்பும் எக்கோவை அணைப்பது பலரும் மறந்துவிடும் விஷயம். அது இயங்கிக்கொண்டிருந்தால் சுவிட்ச் அனுப்பும் லாகின் வரியை உங்கள் கர்னல் திருப்பி அனுப்பும். சுவிட்ச் அதைப் பயனர் பெயர் என்று எடுத்துக்கொண்டு பிழை சொல்லும், அந்தப் பிழையும் திரும்பிப் போகும், இப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

எஃப் இங்கே பெரிய எழுத்து. ஃப்ரீபிஎஸ்டியில் சிறிய எழுத்து. -எஃப்பையும் போர்ட் பெயரையும் விட்டுவிட்டால் உங்கள் சொந்த டெர்மினலே ரா நிலைக்கு (கர்னல் எழுத்துகளை எதுவும் செய்யாமல் அப்படியே கடத்தும் நிலை) போய், தட்டுவது எதுவும் திரையில் தெரியாது. பதற வேண்டாம்: கண்ட்ரோல்-ஜே அழுத்தி, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் 'எஸ்டிடிஒய் சேன்' என்று அடித்து, மறுபடி கண்ட்ரோல்-ஜே. -எஃப்புக்குப் பதில் சிறியது குறியால் (<) போர்ட்டைத் திருப்பிவிடும் பழைய வழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. சிலோக்கல் (கேரியர் சிக்னலைப் பொருட்படுத்தாதே என்னும் அமைப்பு) அணைந்திருந்தால், கேரியர் சிக்னல் வரும்வரை ஷெல் போர்ட்டைத் திறக்கவே காத்துக்கொண்டு தொங்கும். லினக்ஸில் -எஃப் அப்படிக் காத்திருக்காமல் திறக்கும்.

இனி நிரந்தரம். நீங்கள் உட்கார்ந்து கன்சோலைப் பார்ப்பதற்கு மட்டும்தான் என்றால் எஸ்டிடிஒய்யே தேவையில்லை. பிகோகாம் என்ற டெர்மினல் நிரலில் 'பிகோகாம் -பி 9600' என்று கொடுத்து போர்ட்டின் பெயரைச் சேர்த்தால், திறக்கும்போது அதுவே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட் என்றால், முதலில் 'எக்ஸெக் 3' வழியாக (ஷெல்லில் 3 என்ற எண்ணில் திறந்திருக்கும் கோப்பாக) போர்ட்டைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, பிறகு வேகத்தை வைத்து, வேலை முடியும்வரை மூடாமல் இருப்பதே நல்லது. சில சிஸ்டங்களில் கடைசி நிரல் மூடியதும் அமைப்பு ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும்.

கேபிளைச் செருகியவுடனேயே அமைய வேண்டும் என்றால், சாதனம் செருகப்படும்போது கட்டளை இயக்கும் யூடெவ் விதி எழுதுங்கள். கேபிளின் வெண்டார் எண்ணையும் தயாரிப்பு எண்ணையும் பொருத்தி, மேலே உள்ள கட்டளையை எஸ்டிடிஒய்யின் முழுப் பாதையோடு ரன் பகுதியில் சேர்க்கலாம். இரண்டு கேபிள்கள் இருந்தால், ரீபூட்டுக்குப் பின் போர்ட் பெயரின் 0 என்பது 1 ஆக மாறியிருக்கலாம். ஆகவே எண்ணை நம்பாமல் /டெவ்/சீரியல்/பை-ஐடி அடைவில் இருக்கும் பெயரையே எல்லா இடத்திலும் பயன்படுத்துங்கள்.

விதியை எழுதி யூடெவ்வை ரீலோட் செய்து, கேபிளைக் கழற்றிச் செருகி, 'எஸ்டிடிஒய் -ஏ' என்று -எஃப்புடன் கொடுத்துப் பாருங்கள். அதில் 9600 என்று காட்டியும், ஃப்யூசரில் யாரும் இல்லாமலும், திரையில் குப்பையே வந்தால் சுவிட்சின் கன்சோல் வேகமே வேறாக இருக்கலாம். அடுத்ததாக 115200 வைத்துப் பாருங்கள்.