பட்டறைப் பக்கம்: சிவக்காத உலோகம்

செங்கோட்டை வெல்டிங் பட்டறை அண்ணாச்சியின் பதில்கள்

கேள்வி: அண்ணாச்சி, நான் பள்ளிக்கூட வாத்தியார். இரும்பில் ராடு வெல்டிங் ஓரளவு வரும். பொழுதுபோக்காக அலுமினியத்தில் டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையில் ஆர்க் என்கிற மின்பொறி எரிய, ஆர்கான் வாயு வெளிக்காற்றை மறைக்க, ராடைத் தனியாகக் கொடுத்து ஒட்டுகிற முறை) பழகலாம் என்று சின்ன மெஷின் ஒன்று வாங்கினேன். 3 மி.மீ. தகட்டில் வைத்தால் ஒன்று கறுப்பாக உருண்டு நிற்கிறது, இல்லையென்றால் பொத்தென்று ஓட்டை விழுகிறது. எங்கே தப்பு?
– ஒரு வாசகர், புளியரை

பதில்: வாத்தியாரே, முதலில் மெஷின் முகப்பைப் பாருங்கள். ஏசி என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா? டிசி மட்டும்தான் என்றால் அது இரும்புக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் நல்ல மெஷின். அலுமினியத்தை அதில் பழக முடியாது. விற்றவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

காரணம் இதுதான். அலுமினியத்தின் மேல் எப்போதும் ஆக்சைடு ஆடை ஒன்று படிந்திருக்கும். உள்ளே இருக்கிற உலோகம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். மேலே உள்ள ஆடை 2000 டிகிரி தாண்டினாலொழிய அசையாது. பாலாடை கிழியாமல் அடியில் பால் மட்டும் கொதிக்கிற கதை. ஏசியில் மின்சாரம் திசை மாறி மாறிப் பாய்கிறதல்லவா, ஒரு பாதி அந்த ஆடையை உரிக்கும், மறுபாதி உருக்கும்.

ஏசி மெஷின்தான் என்றால் தப்பு உங்கள் கண்ணில். அலுமினியம் சிவக்காது. நான் முதன்முதலில் தொட்டது ஒரு சமையல்காரரின் அண்டா. இரும்பு மாதிரி சிவக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அடி விளிம்பு அப்படியே கழன்று செருப்பில் விழுந்தது. கால் தப்பியது, அண்டாவுக்குக் காசு கொடுத்தேன். நீங்கள் பார்க்க வேண்டியது பளபளப்பை. மங்கலாக இருக்கிற இடம் சட்டென்று கண்ணாடி போல மின்னும். அந்த நொடியில் ராடைத் தொட்டு எடுத்துவிட்டு நகருங்கள். தகடு சூடேற ஏற கால் பெடலைத் தளர்த்திக்கொண்டே வாருங்கள். தொடக்கத்தில் கேட்ட ஆம்பியர் கடைசியில் வேண்டாம்.

உங்கள் 3 மி.மீ. தகட்டுக்கு 120 ஆம்பியர் பக்கம் வையுங்கள். 2.4 மி.மீ. டங்ஸ்டன், 4043 என்கிற ரக அலுமினிய ராடு, சுத்த ஆர்கான் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர். கார்பன் டை ஆக்சைடு கலந்த சிலிண்டர் ஆகவே ஆகாது. தகட்டை அசிட்டோன் போட்டுத் துடைத்து, அது காய்ந்த பிறகு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷால் தேயுங்கள். அந்த பிரஷை இரும்பில் வைத்தால் அன்றோடு அது அலுமினியத்துக்கு உதவாது. பிரேக் கிளீனர் ஸ்பிரே மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் குளோரின் சேர்ந்த ரகம் ஆர்க் வெளிச்சம் பட்டால் விஷ வாயுவாகும்.

இன்னொன்று, நீங்கள் இருப்பது புளியரை. ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று சாரலோடு இறங்கும்போது டார்ச்சில் வருகிற ஆர்கானை அள்ளிக்கொண்டு போய்விடும். வெல்டிங் ஆப்பம் மாதிரி பொத்தல் பொத்தலாக வரும். காற்றை ஜெயிக்கிறேன் என்று ஆர்கானைக் கூட்டாதீர்கள். அளவுக்கு மேல் திறந்தால் அது சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும். மூன்று பக்கம் தகரம் வைத்து மறையுங்கள். கதவு ஜன்னல் எல்லாவற்றையும் இழுத்து அடைக்கவும் கூடாது. ஆர்கான் கனமான வாயு, தரையோடு தேங்கி மூச்சை அடைத்துவிடும். ஈரமும் பொத்தலுக்குக் காரணம்தான். சாரல் நாளில் திண்ணையில் கிடந்து வியர்த்த தகட்டை ஈரத்தோடு எடுத்து வைக்காதீர்கள், காய்ந்ததும் தொடுங்கள்.

கேள்வி: சிவப்பு முனை டங்ஸ்டன் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– ஒரு வாசகர், தென்மலை

பதில்: சிவப்பில் தோரியம் இருக்கிறது. கதிரியக்கப் பொருள், தீட்டும்போது வருகிற தூசி நெஞ்சுக்குள் போகக் கூடாது. பழகுகிறவர் டங்ஸ்டனை உருகலில் முக்கி முக்கி நாளைக்குப் பத்துத் தடவை தீட்டுவார். தங்க நிற முனையுள்ள, லாந்தனம் கலந்த டங்ஸ்டன் வாங்குங்கள், ஏசிக்கும் அதுதான் தோது.

கேள்வி: மகனுடைய அலுமினிய சைக்கிள் பிரேமில், சீட்டுக்குக் கீழே விரிசல். நானே டிக் பழகுகிறேன், ஒட்டிவிடட்டுமா?
– ஒரு வாசகர், கடையநல்லூர்

பதில்: வேண்டாம் தம்பி. அந்தக் குழாய் பெரும்பாலும் 6061 என்கிற அலுமினியக் கலவை ரகமாக இருக்கும். உலையில் பக்குவப்படுத்தித்தான் அதற்கு அந்த உறுதி வந்தது. ஆர்க் பட்டால் ஒட்டின இடம் பார்க்க அழகாக இருக்கும், அதன் ஓரத்தில் உலோகம் இளகிப் பலம் இறங்கியிருக்கும். திரும்ப உலைப் பக்குவம் செய்ய உங்களிடமும் வசதியில்லை, என்னிடமும் இல்லை. குற்றாலம் இறக்கத்தில் பையன் பிரேக் பிடிக்கிறபோது அது ஒடிந்தால் என்ன செய்வீர்கள்? பிரேமை எடைக்குப் போடுங்கள். போடுமுன் நாலு சாண் குழாயை அறுத்து வைத்துக்கொள்ளுங்கள், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டால் பழகுவதற்கு ஆகும். மிச்சம் இருந்தால் புளியரை வாத்தியாருக்கும் ஒரு சாண்.