சொல்லிவிட்டுத் தேடுங்கள்

கேள்வி: ஆஸ்திரேலியாவில் கதிரியக்கக் குப்பி ஒன்று தொலைந்து, நெடுஞ்சாலை முழுக்கத் தேடினார்களே! லைசென்ஸ் வாங்கி நடத்தும் இடத்தில் அது எப்படித் தொலையும்? தொலைந்தால் என்ன செய்வார்கள்?
– கல்லூரி மாணவி, துறையூர்

பதில்: அம்மா, 27 வருஷம் வெல்டிங் மூட்டுகளைப் படம் பிடிக்கும் ரேடியோகிராபி வேலையில் இருந்தவன் நான். கடைசிப் பத்து வருஷம் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர். தொலைவது எப்படி என்பதைவிட, தொலைந்தது எப்போது தெரியவந்தது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

நீங்கள் சொல்லும் சீசியம்-137 குப்பி 6 மி.மீ. அகலம், 8 மி.மீ. உயரம். கொண்டைக்கடலை மாதிரி. 2023 ஜனவரி 12-ஆம் தேதி இரும்புச் சுரங்கத்திலிருந்து லாரி ஏறியது. 16-ஆம் தேதி பெர்த் நகருக்கு வந்த பெட்டியை 25-ஆம் தேதிதான் திறந்தார்கள். உள்ளே, குப்பியைத் தாங்கியிருந்த அளவீட்டுக் கருவியின் ஒரு போல்ட்டைக் காணோம், குப்பியையும் காணோம். பிறகு 1,400 கி.மீ. சாலையை அலசி, பிப்ரவரி 1-ஆம் தேதி சாலையோரம் 2 மீட்டர் தள்ளிக் கிடந்ததை எடுத்தார்கள். கதிர்வீச்சைக் கண்டறியும் கருவி பொருத்திய வண்டி 70 கி.மீ. வேகத்தில் போகும்போதே அது அகப்பட்டது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பெட்டி வந்த அன்றே கதிர்வீச்சை அளக்கும் மீட்டரை நீட்டியிருந்தால்?

எங்கள் தொழிலில் 'கேமரா' என்பது கதிர்வீச்சைத் தடுக்கும், சுமார் இருபது கிலோ கனமுள்ள பெட்டி. உள்ளே, கம்பி நுனியில், துளியூண்டு இரிடியம்-192 என்ற கதிரியக்க உலோகம். அது கழன்று விழுந்தாலும் பெட்டியின் எடை குறையாது. பெட்டி இருக்கிறது, பூட்டு இருக்கிறது, ரிஜிஸ்டரில் 'உள்ளது' என்று கையெழுத்தும் இருக்கும். 1999-இல் பெரு நாட்டில் அப்படித்தான் கழன்று கிடந்ததை, என்னவென்று தெரியாமல் ஒரு வெல்டர் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கழுவிய பிலிம்களில் எதுவும் பதியவில்லை என்று பார்த்த பிறகுதான் ரேடியோகிராபருக்கு உறைத்தது. வெல்டரின் ஒரு காலையே எடுக்க வேண்டியதாயிற்று. அதனால்தான் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் சர்வே மீட்டரோடு பெட்டி வரை நடக்கச் சொல்வேன். முள் எகிறினாலும் ஆபத்து. பெட்டியருகே முள் அசையவே இல்லையென்றாலும் ஆபத்து.

சரி, யாரிடம் சொல்வது? நம் நாட்டில் 2004 விதிகளின்படி 24 மணி நேரத்துக்குள் மும்பையிலுள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விதி எளிது, மனசுதான் வராது. ஒரு பாய்லர் தளத்தில் நான் இருந்தபோது, விடியற்காலை எண்ணினால் கேமராக்களை வைத்துப் பூட்டும் குழியில் மூன்று கேமரா, ரிஜிஸ்டரில் நான்கு. மேனேஜர் கையைப் பிடித்துக்கொண்டார்: "சார், முதல்ல தேடுவோம். மும்பைக்குச் சொன்னா லைசென்ஸே போயிடும்." நான் போனை எடுத்துவிட்டேன். பதினொரு மணிக்குக் கிடைத்தது. பக்கத்து யார்டில் நின்ற ஜீப்பில் பூட்டியபடியே இருந்தது. இரவு அவசரத்தில் எடுத்துப் போனவர் எழுதவில்லை. மேனேஜர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அவருடைய ஃபில்டர் காபியும் நின்றுபோனது. அதுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். மூன்று இறக்கை விசிறி போன்ற சின்னம் போட்ட பெட்டி வந்தால்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வெட்டாதீர்கள், தூக்காதீர்கள். ஆட்களை விலக்கிவிட்டு, நீங்களும் தள்ளி நின்று போலீசைக் கூப்பிடுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு நாலில் ஒரு பங்காகிவிடும். நாலெட்டு நகர்வதும் வைத்தியம்தான்.

டெல்லி மாயாபுரியில் 2010-இல் நடந்தது உங்கள் தொழிலில்தான். டெல்லிப் பல்கலைக்கழகம் 1968-இல் வாங்கி, 1985-க்குப் பிறகு தொடாமலே வைத்திருந்த, கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் கொண்ட கருவி, ஏலத்தில் இரும்போடு இரும்பாகப் போனது. கடையில் பிரித்தார்கள். பலர் மருத்துவமனையில் படுத்தார்கள், ஒருவர் இறந்தார். தொலைந்தது என்று யாருமே புகார் கொடுக்கவில்லை. விற்றவர்கள் கணக்கில் அது பழைய சாமான். மருத்துவமனையிலிருந்து தகவல் போன பிறகுதான் வாரியத்துக்கே தெரிந்தது.

சின்னம் அழிந்துபோயிருக்கலாம். அளவுக்கு மீறிக் கனக்கும் சின்னப் பெட்டி வந்தாலும் இதே யோசனைதான்.